மீனுக்குக் காய்ச்சல் வருமா? – கேள்வி பதில் (கேட்டவர்கள் அவரவர் ஊர்ப் பெயரில்)

உப்புவெளி: மிஸ், மீன் குளிர்இரத்தப் பிராணிதானே, அதன் மூளைக்குச் சூட்டோடு என்ன வேலை?

நிறைய, தம்பி. பெரும்பாலான மீன்கள் உடம்புச் சூட்டைப் பிடித்துவைக்க முடியாமல், தோதான சூடுள்ள தண்ணியைத் தேடிப் போகும். எந்தத் தண்ணி என்று தீர்மானிப்பதில், மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலமஸ் என்ற பகுதியின் முன்பக்கத்துக்குப் பெரிய பங்கு. தங்கமீனுக்கு அந்த இடத்தில் நோர்அட்ரினலின் என்ற நரம்பு இரசாயனத்தைத் துளியளவு ஏற்றியபோது அது குளிர்ந்த பக்கம் போனது.

நிலாவெளி: நோய்ப்பட்ட மீன் தொட்டியில் வெயில் படுகிற பக்கமே நிக்குது. நிழலுக்கு மாற்றட்டோ?

மாற்றாதீங்கோ தங்கச்சி, அது காய்ச்சலாக இருக்கலாம். 1976இல் நன்னீர் மீன்களுக்கு ஏரோமோனாஸ் பக்டீரியாவை ஏற்றிப் பார்த்தார்கள். அவை வழமையைவிடச் சூடான நீரைத் தேடிப் போயின. நமக்குக் காய்ச்சல் மூட்டும் புரொஸ்டாகிளான்டின் என்ற உடல் இரசாயனம் மீனிலும் அதையே செய்கிறது. பயமும் போதும்: 2015இல் வரிக்குதிரை மீன்களைச் சிறு வலைக்குள் 15 நிமிடம் அடைத்துவிட்டு விட்டதும், 2 முதல் 4 பாகை சூடான பகுதிக்குப் போயின. ஆனால் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது ஒட்சிசன் குறைவு. உடனே காற்றுக் குழாயைப் போடுங்கோ. பரசிற்றமோல் கரைத்து ஊற்றவே கூடாது.

கன்னியா: வெந்நீர்க் கிணற்றில் மீன் விடலாமோ?

வேண்டாம்.

கொட்பே: பிடிச்ச கையோட சூரையைக் கிழிச்சா முள்ளுப்பக்கச் சிவப்புத் தசை கை சுடுது. குளிர்இரத்தம் எண்டு எப்படிச் சொல்லுவீங்க?

நிலாவெளி: அது வள்ளத்துத் தட்டில் வெயில் பட்ட சூடு!

இல்லை, அண்ணை சொல்வதுதான் சரி. வெயில் தோலில் தொடங்கும். இந்தச் சூடு முள்ளடியில் இருக்கிறது. உள்ளிருந்து வரும் சூடான இரத்தமும் செவுளிலிருந்து வரும் குளிர்ந்த இரத்தமும் மெல்லிய குழாய்களில் ஒன்றையொன்று உரசி எதிரெதிராக ஓடுவதால், நீந்தும் தசையின் சூடு கடலுக்குப் போகாமல் உள்ளேயே திரும்புகிறது. இதயம் மட்டும் கடல்நீரின் சூட்டிலேயே துடிக்கும். வாள்மீனுக்கோ கண்ணையும் மூளையையும் சூடாக்கவே கண் பக்கத்தில் தனித் தசை உண்டு. அண்ணை, துள்ளிக் களைத்த சூரையை உடனே ஐசில் போடுங்கோ. அந்தச் சூட்டிலேயே இறைச்சி வெளிறிப் பழுதாகிவிடும்.

தம்பலகாமம்: கப்பி மீன் தொட்டிக்கு ஹீட்டர் வேணுமோ?

நம்மூரில் வேண்டாம். தண்ணி மாற்றும்போது திடீர்ச் சூடு, திடீர்க் குளிர் இரண்டும் கொல்லும். வாளித் தண்ணியை அறையில் ஆறவிட்டு ஊற்றுங்கோ.