நின்றே கிடக்கும் காருக்கு எந்த சார்ஜர்? வடசென்னை வாசகர்களின் கேள்விகள்

ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரைக்கும், வாரத்தில் ஆறு நாள் வாசலிலேயே நிற்கிற கார்கள் ஏராளம். வேலைக்கு மெட்ரோ, கடைக்கு ஸ்கூட்டர், கார் என்றால் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அந்த கார்களின் பேட்டரியைப் பற்றியே இருந்ததால், மற்றதை அடுத்த முறைக்கு வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சார், ரிட்டையர் ஆனவன் நான். சின்ன பெட்ரோல் கார், 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி. பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்வருவதோடு சரி. இரண்டு முறை பேட்டரி டவுன் ஆகி செல்ஃப் எடுக்கவில்லை. கடைக்காரர் 10 ஆம்ப்ஸ் சார்ஜர் வாங்கச் சொல்கிறார், மகன் 1 ஆம்ப்ஸ் போதும் என்கிறான். எதை வாங்க? (ராயபுரம்)

மகன் பேச்சில்தான் நியாயம் அதிகம். ஆனால் உங்களுக்கு நான் சொல்லப்போவது இரண்டுக்கும் நடுவில் ஒன்று.

சாவியை எடுத்த பிறகும் அலாரம், சென்ட்ரல் லாக், கடிகாரம், இன்ஜின் கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக கரண்ட் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். கோளாறு ஏதும் இல்லாத காரிலேயே இது 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை போகும். 30 என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 0.7 ஆம்பியர் ஹவர், பதினைந்து நாளில் 10க்கு மேல். உங்கள் பேட்டரி மொத்தமாகக் கொள்கிற 35இல் கால்பங்குக்கு மேல் போயாயிற்று. அது போக பேட்டரி தானாகவும் இறங்கும், வெப்பம் 10 டிகிரி ஏறினால் அந்த இறக்கம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ராயபுரத்திலிருந்து ஸ்டான்லிக்கு ஊர்ந்து போய் வருகிற தூரத்தில், இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரால் இவ்வளவையும் திருப்பி ஏற்ற முடியாது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைவாகவே நிற்கும்.

செல்ஃப் எடுக்காமல் போவதை விடப் பெரிய கேடு இன்னொன்று உண்டு. அரைகுறை சார்ஜில் பேட்டரி நாள்கணக்கில் கிடந்தால் உள்ளே தகடுகளில் படிகிற லெட் சல்ஃபேட் கெட்டியாகிவிடும். கெட்டியானது பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் முழுதாகக் கரையாது. நான்கைந்து வருடம் உழைக்க வேண்டிய பேட்டரி இரண்டே வருடத்தில் போவதற்கு இதுதான் காரணம்.

அதனால் சார்ஜர் பெட்டியில் ஆம்பியரைத் தேடுவதற்கு முன்னால், அது எந்த வோல்ட்டில் நிற்கிறது என்று தேடுங்கள். சாதாரண ஈய அமில பேட்டரிக்கு 14.4 வோல்ட் அளவுக்கு ஏற்றி, நிறைந்ததும் தானாக 13.5 பக்கம் இறங்கி, அங்கேயே நிற்க வேண்டும். பழைய ஒர்க்‌ஷாப்புகளில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர் இப்படி இறங்காது. ஆள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிற இடத்தில் அது சரி. வீட்டில் மாட்டிவிட்டுத் தூங்கினால் உள்ளே தண்ணீர் வற்றிப் பேட்டரி வெந்துவிடும். ‘ஆட்டோ கட்’ என்று அச்சடித்திருந்தாலும் அப்படியே நம்ப வேண்டாம். ரிச்சி தெருவில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிறைந்துவிட்டது என்று விளக்கு எரிந்து இரண்டு மணி நேரம் கழித்து, சார்ஜர் மாட்டியிருக்கும்போதே டெர்மினலில் வைத்துப் பாருங்கள். 13.5 பக்கம் இறங்காமல் இன்னும் 14.4 பக்கமோ அதற்கு மேலோ காட்டினால் அந்த சார்ஜரை இரவில் விட்டுவைக்கக் கூடாது.

ஆம்பியருக்கு வருவோம். பேட்டரி அளவில் பத்தில் ஒரு பங்கு என்பது நல்ல கணக்கு. உங்களுக்கு 4 ஆம்ப்ஸ் ஸ்மார்ட் சார்ஜர் (மேலே சொன்னபடி தானாக வோல்ட்டை இறக்கிக்கொள்கிற வகை), பதினைந்து நாளுக்கு ஒரு ராத்திரி, போதும். 10 ஆம்ப்ஸ் உங்கள் பேட்டரிக்குத் தேவையே இல்லை, கத்திரி வெயில் காலத்தில் அது சூட்டைத்தான் ஏற்றும். கார் நிற்கிற இடத்திலேயே ப்ளக் பாயின்ட் இருந்து, வாரக்கணக்கில் மாட்டியே வைக்கப் போகிறீர்கள் என்றால் மகன் சொன்ன 1 ஆம்ப்ஸ் போதும். அப்போது வெப்பத்துக்குத் தகுந்தபடி வோல்ட்டைக் குறைத்துக்கொள்கிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். 25 டிகிரிக்குச் சரியான வோல்ட், மே மாத சென்னைக்குக் கூடுதல்.

எங்கள் வீடு இரண்டாவது மாடி. கார் நிற்பது தெருவில். மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் விட்டு சார்ஜ் போடலாமா அண்ணா? (திருவொற்றியூர்)

வேண்டாம் தம்பி. நீர் புகாது என்று சார்ஜர் பெட்டியில் எழுதியிருப்பது பெட்டிக்கு மட்டும்தான், ப்ளக்குக்கும் ஒயர் இணைப்புக்கும் அது பொருந்தாது. மழையில் நனைந்த ஒயர் கிடக்கிற தெருவில் குழந்தைகள் விளையாடும்.

பேட்டரியைக் கழற்றி மேலே கொண்டுபோய்ப் போடுவதுதான் நல்ல வழி. சின்ன கார் பேட்டரி பத்து கிலோ பக்கம் வரும், சாய்க்காமல் தூக்க வேண்டும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பிளஸ் நட்டைத் திருகும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் தீப்பொறி வராமல் இருப்பதற்காகத்தான் இந்த வரிசை. காரைப் பூட்டுவதற்கு முன் சாவியால் கதவு திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், பேட்டரி இல்லாமல் ரிமோட் வேலை செய்யாது. கடிகாரமும் ரேடியோவும் அழிந்துபோகும், சில கார்களில் ஜன்னல் கண்ணாடியின் ஆட்டோவையும் மறுபடி செட் செய்ய வேண்டியிருக்கும்.

இவ்வளவு வேலை வேண்டாம், ஒரு மாதம் ஊருக்குப் போகிறோம் அவ்வளவுதான் என்றால், முழு சார்ஜ் போட்டுவிட்டு மைனஸை மட்டும் கழற்றி வையுங்கள். செலவே இல்லை. டேஷ்போர்டில் வைக்கிற சின்ன சோலார் தகட்டையும் சிலர் கேட்கிறார்கள். வெயில் விழுகிற தெருவில் அது ஓரளவு பிடித்து நிறுத்தும். ஆனால் லைட்டர் சாக்கெட்டில் சொருகுகிற வகையை வாங்கும்முன், சாவியை எடுத்த பிறகும் அந்த சாக்கெட்டில் கரண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். நிறைய கார்களில் இருக்காது.

தினமும் காலையில் பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டால் சார்ஜர் இல்லாமலே சமாளிக்கலாம்தானே? (பெரம்பூர்)

முடியாது. நின்ற இடத்தில் ஓடும்போது ஆல்டர்னேட்டர் தருவது குறைவு, ஏசியும் விளக்கும் அதில் பங்கு கேட்கும். வாரம் ஒருமுறை அரை மணி நேரத்துக்கு மேல் ரோட்டில் ஓட்டினால் பலன் உண்டு. பத்து நிமிடத்தில் பெட்ரோல்தான் தீரும்.

சிக்னலில் தானாக இன்ஜின் நிற்கிற கார். இதற்கு எல்லா சார்ஜரும் ஒத்துவருமா? (கொளத்தூர்)

இந்த மாதிரி கார்களுக்கு இரண்டு வகை பேட்டரி வரும். பேட்டரி மேல் ஏஜிஎம் (AGM) என்று இருக்கிறதா, ஈஎஃப்பி (EFB) என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏஜிஎம் என்றால் அதற்கென்று தனி மோடு உள்ள சார்ஜர்தான் வேண்டும், அது 14.7 வோல்ட் வரை போகும். ஈஎஃப்பிக்குப் பெரும்பாலும் சாதாரண மோடே போதும். உங்கள் காரில் மைனஸ் டெர்மினலில் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். சார்ஜரின் மைனஸ் கிளிப்பை டெர்மினலில் மாட்டாமல், கார் கையேடு காட்டுகிற பாடி எர்த்தில் மாட்டுங்கள். டெர்மினலில் நேராக மாட்டினால் ஏற்றிய சார்ஜ் அந்த சென்சாரின் கணக்கில் வராது.

மூன்று மாதம் வெளியூரில் இருந்தேன். திரும்பி வந்து ஸ்மார்ட் சார்ஜரை மாட்டினால் சிவப்பு விளக்குதான் எரிகிறது. பேட்டரி 6 வோல்ட் காட்டுகிறது. சார்ஜர் போய்விட்டதா? (தண்டையார்பேட்டை)

சார்ஜர் நன்றாகத்தான் இருக்கிறது. குறிப்பிட்ட வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அங்கே பேட்டரி இருப்பதாகவே ஸ்மார்ட் சார்ஜர் ஏற்றுக்கொள்ளாது. தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரை வைத்து, நல்ல பேட்டரி ஒன்றைக் கொஞ்ச நேரம் பக்கத்தில் இணைத்தால் சார்ஜர் எழுந்துகொள்ளும். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், 6 வோல்ட் வரை இறங்கி நாள்கணக்கில் கிடந்த பேட்டரி பழைய பலத்துக்கு வருவது அரிது. முழு சார்ஜ் ஆன பிறகு கழற்றி ஒரு இரவு வைத்து அளந்து பாருங்கள். 12.6க்கு மேல் நின்றால் உயிர் இருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். 10.5 பக்கமே நின்றுவிட்டால் ஆறு செல்லில் ஒன்று போய்விட்டது, அதற்கு எந்த சார்ஜராலும் வைத்தியம் கிடையாது. சார்ஜரில் உள்ள ‘ரிப்பேர்’ மோடை முயன்று பார்ப்பதாக இருந்தால் பேட்டரியைக் காரிலிருந்து கழற்றிவிட்டுச் செய்யுங்கள். அது 15 வோல்ட்டுக்கு மேல் தள்ளும், காரின் எலக்ட்ரானிக்ஸ் அதைத் தாங்கும் என்று சொல்ல முடியாது.

ஷட்டர் போட்ட ஷெட்டில் ராத்திரி முழுக்க சார்ஜ் போடலாமா? (மூலக்கடை)

ஷட்டரை ஒரு முழமாவது தூக்கி வையுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், ஒரு பொறி போதும் அது வெடிப்பதற்கு. முதலில் பிளஸ் கிளிப், அப்புறம் பேட்டரியிலிருந்து தள்ளி பாடியில் மைனஸ் கிளிப், கடைசியில்தான் சுவிட்ச். கழற்றும்போது சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கிளிப்பில் கை வைக்க வேண்டும். ஆயுத பூஜை அன்றைக்கு இதை இன்னும் கவனமாகப் பாருங்கள். வண்டியைக் கழுவி, பேட்டரிக்கு சார்ஜ் போட்டுக்கொண்டே போனட் முன்னால் சூடம் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சார்ஜரை எடுத்து, நன்றாகக் காற்றாடவிட்டு, பிறகு பூஜை செய்யுங்கள்.

வியாசர்பாடியில் மழைத் தண்ணீர் போனட் வரைக்கும் வந்துவிட்டது. வடிந்ததும் சார்ஜ் போட்டு ஸ்டார்ட் செய்யலாமா?

கூடவே கூடாது. மைனஸைக் கழற்றிவிட்டு வண்டியை மெக்கானிக்கிடம் இழுத்துக்கொண்டு போங்கள். தண்ணீர் டயர் பாதியோடு நின்றிருந்தால் பேட்டரிக்கு எட்டியிருக்காது, துடைத்துக் காயவிட்டு சார்ஜ் போடலாம். ஆனால் செல்ஃப் மோட்டார் கீழேதான் இருக்கிறது, அதை ஒருமுறை காட்டிவிடுங்கள்.

டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக்கொண்டே இருக்கிறது. கடல் காற்றாலா? (காசிமேடு)

பேட்டரியிலிருந்து கசிகிற அமில ஆவிதான் மூல காரணம், உப்புக் காற்று அதை விரைவாக்குகிறது. இது சார்ஜர் விஷயமும்தான். பூத்த இடத்தில் கிளிப்பை மாட்டினால் பிடிப்பு சரியாக இருக்காது, பேட்டரி நிறைவதற்கு முன்பே நிறைந்துவிட்டதாக சார்ஜர் நினைத்துக்கொள்ளும். கண்ணாடி போட்டுக்கொண்டு, டெர்மினல்களைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஆப்ப சோடா கரைத்து பழைய பிரஷ்ஷால் தேயுங்கள். செல் மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும், சோடா தண்ணீர் உள்ளே போகக் கூடாது. காய்ந்ததும் இறுக மாட்டி, மேலே வாஸ்லின் தடவுங்கள்.

கார் சார்ஜரையே ஸ்கூட்டருக்கும் போடலாமா? (கொருக்குப்பேட்டை)

ஸ்கூட்டர் பேட்டரி பல வண்டிகளில் 4, 5 ஆம்பியர் ஹவர்தான். 4 ஆம்ப்ஸில் போட்டால் கொதித்துவிடும். 1 ஆம்ப்ஸோ அதற்குக் குறைவாகவோ இருக்கிற பைக் மோடு உள்ள சார்ஜர் என்றால் தாராளமாகப் போடலாம். மாட்டும்முன் லித்தியம் மோடில் இல்லை என்பதையும், 6 வோல்ட்டில் இல்லாமல் 12இல் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.