"அவ இப்ப இல்ல": அந்த மூன்று சொல்லில்தான் உங்கள் வழக்கு இருக்கிறது

கேள்வி: எனக்கு வயது 29. 2024 நவம்பரில் பெரியவர்கள் பார்த்து, இந்து முறைப்படி நடந்த திருமணம். மாப்பிள்ளைக்கு இதுதான் முதல் கல்யாணம் என்றார்கள். 2025 ஆகஸ்டில் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு கல்யாண ஆல்பம் கிடைத்தது. மாலையும் கழுத்துமாக என் கணவர், பக்கத்தில் வேறொரு பெண். கேட்டதற்கு "அவ இப்ப இல்ல" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. மாமியார் ஆல்பத்தை வாங்கி எரித்துவிட்டார். அதற்குள் ஏழெட்டுப் படங்களைப் போனில் எடுத்துவிட்டேன். தூக்கத்தில் அவள் பெயரைச் சொல்கிறார். நள்ளிரவில் போன் வருகிறது, எடுத்தால் யாரும் பேசுவதில்லை. அவளை இவர்கள் ஏதோ செய்துவிட்டார்கள் என்று பயமாக இருக்கிறது. சமாதானமாகிவிட்டதுபோல் நடித்து, கூடவே இருந்து ஆதாரம் சேர்க்கிறேன். மனம் திறப்பார் என்று டிசம்பரில் அவரோடு சுற்றுலாகூடப் போய் வந்தேன். வேறு பெயர் சொல்லி அந்தப் பெண்ணின் பெற்றோரைப் போய்ப் பார்க்க நினைத்திருக்கிறேன். இப்போது அவரே, "அடுத்த வாரம் அந்த ஊருக்கு என்னோடு வா, எல்லாத்தையும் சொல்றேன்" என்கிறார். மாமியார் குத்திப் பேசுகிறார், நாத்தனார் வாயே திறப்பதில்லை. அவர் என்னை ஏமாற்றினார் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டும். அவர் பேசுவதைப் பதிவு செய்யலாமா? நான் என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தூக்கத்தில் சொன்ன பெயர், நள்ளிரவு போன், எரிந்த ஆல்பம், மாமியாரின் பார்வை எல்லாம் உங்களை எப்படி அரித்துக்கொண்டிருக்கும் என்பது புரிகிறது. ஆனால் மாமியாரின் குத்தல் பேச்சும் நாத்தனாரின் மௌனமும் மனுவில் ஒரு பத்திக்கு மேல் வரக்கூடாது. நீதிமன்றம் முதலில் கேட்கப்போவது ஒன்றே ஒன்று: உங்கள் கழுத்தில் தாலி ஏறிய நாளில், சட்டத்தின் கண்ணில் அந்தப் பெண் அவருக்கு மனைவியாக இருந்தாரா, இல்லையா?

"அவ இப்ப இல்ல" என்ற பதிலுக்கு நான்கு அர்த்தம் உண்டு. இறந்துவிட்டார். விவாகரத்து ஆகிவிட்டது. பிரிந்து போய் எங்கோ இருக்கிறார். காணாமல் போய்விட்டார். உங்கள் மனம் முதல் அர்த்தத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறது. வக்கீலாக என் அனுபவத்தில் பெரும்பாலும் இரண்டாவதோ மூன்றாவதோதான் வெளியே வரும். எது என்பதைப் பொறுத்து உங்கள் வழக்கு தலைகீழாக மாறும்.

அந்தப் பெண் உயிரோடு இருந்து, விவாகரத்துத் தீர்ப்பும் வாங்கவில்லை என்றால், இந்து திருமணச் சட்டம், 1955-இன் 5, 11 பிரிவுகளின்படி உங்கள் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. இதற்குக் காலக்கெடு கிடையாது. முதல் திருமணத்தை மறைத்து இரண்டாவது செய்வது தனிக் குற்றமும்கூட. உங்கள் திருமணம் 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்ததால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 82(2) பிரிவு பொருந்தும். 10 ஆண்டு வரை சிறை. அந்தப் பெண் காணாமல் போனவர் என்றாலும் உங்கள் கணவருக்குத் தப்பிக்க வழியில்லை. ஏழு ஆண்டாக ஒருவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை என்ற விதிவிலக்கைப் பயன்படுத்த, மறுமணத்துக்கு முன்பே அந்த உண்மையை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் சொல்லவில்லையே.

உங்கள் கணவர் விவாகரத்து ஆனவர், அல்லது மனைவி இறந்தவர் என்றால் கதை வேறு. உங்கள் திருமணம் செல்லும். நீங்களாகக் கேட்டு ரத்து வாங்கினால்தான் அது ரத்தாகும். இந்து திருமணச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவில், எதிர்த்தரப்பைப் பற்றிய முக்கியமான உண்மையை மறைத்துச் சம்மதம் வாங்கியது மோசடி என்று இருக்கிறது. முந்தைய திருமணத்தை மறைப்பது இதற்குள் வரும் என்று நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. கல்யாணத்துக்கு முந்தைய காதலை மட்டும் மறைத்திருந்தால் உங்களுக்கு இந்த வழியைச் சொல்லியிருக்கமாட்டேன்.

இனி உங்களுக்காக நான் உண்மையிலேயே கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன்.

12(2)(ஏ) பிரிவு இரண்டு கதவுகளை மூடுகிறது. மோசடி தெரிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும், இது முதல் கதவு. தெரிந்த பிறகும் முழுச் சம்மதத்தோடு கணவன் மனைவியாக வாழ்ந்தால் ரத்து கேட்க முடியாது, இது இரண்டாவது. நீங்கள் ஆல்பத்தைப் பார்த்தது ஆகஸ்டில், எனக்கு எழுதுவது ஏப்ரலில். எட்டு மாதம் போய்விட்டது. அந்த எட்டு மாதமும் அவரோடு ஒரே வீட்டில், சமாதானமானதுபோல் நடித்து இருந்திருக்கிறீர்கள்.

ஆதாரம் தேட இருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். நீதிபதிக்கு எப்படித் தெரியும்? எதிர்த்தரப்பு வக்கீல் அந்த டிசம்பர் சுற்றுலாப் படங்களைத்தான் முதலில் எடுத்து வைப்பார். இருவரும் சிரித்துக்கொண்டு நிற்கும் படம், நீங்களே போட்ட ஸ்டேட்டஸ், ஒரே அறைக்கான ஓட்டல் ரசீது. "ஆகஸ்டிலேயே எல்லாம் தெரிந்தவர் டிசம்பரில் இப்படி இருந்தாரே?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். என்னிடம் வந்த ஒரு பெண், கணவரின் முதல் திருமணம் தெரிந்த பிறகும் பத்து மாதம் அதே வீட்டில் இருந்து துப்பறிந்தார். பழைய முகவரி, பழைய அலுவலகம், பழைய பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒன்று விடாமல் தேடி, ஒரு பெரிய ஃபைலோடு வந்தார். அவ்வளவு உழைப்பு. குறுக்கு விசாரணையில் அந்த ஃபைலின் ஒவ்வொரு பக்கமும், அவருக்கு எந்தத் தேதியில் என்ன தெரிந்தது என்பதற்கு அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. உண்மையைக் கண்டுபிடித்ததில் அவர் ஜெயித்தார், ரத்து மட்டும் கிடைக்கவில்லை. அப்புறம் கொடுமை என்ற அடிப்படையில் விவாகரத்து கேட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். இன்றைக்கும் அவர் முகம் நினைவிருக்கிறது.

உங்கள் நிலைமை அவ்வளவு மோசமில்லை. பயத்தில் இருந்தேன், மறுத்தால் என்ன ஆகுமோ என்று இருந்தேன், அது முழுச் சம்மதம் அல்ல என்று வாதிட இடமிருக்கிறது. கடிதத்தில் உங்கள் பயம் வரிக்கு வரி தெரிகிறது. ஆனால் இனி கூடுகிற ஒவ்வொரு நாளும் அந்த வாதத்தைப் பலவீனமாக்கும். ஆகவே இந்த வாரமே அம்மா வீட்டுக்குப் போங்கள். ஏன் போகிறேன் என்பதை வக்கீல் நோட்டீஸாக அனுப்பிவிடுங்கள். காரணமில்லாமல் விட்டுப் போனாள் என்று பிறகு சொல்ல முடியாது. உங்களுக்குச் சேர வேண்டிய ஜீவனாம்சமும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005 தரும் பாதுகாப்பும் வெளியே வந்ததால் போய்விடாது. இன்றிரவே ஆபத்து என்று தோன்றினால் வக்கீலுக்குக் காத்திருக்க வேண்டாம். பெண்கள் உதவி எண்ணான 181-க்குக் கூப்பிடுங்கள்.

இன்னொரு பள்ளம் இருக்கிறது. தேதி நெருக்குகிறது என்றதும் சிலர், "ஆல்பத்தை ஜனவரியில் பார்த்தேன் என்று போட்டுக்கொள்ளலாமே" என்று யோசனை சொல்வார்கள். சொந்தக்காரர்கள் மட்டுமல்ல, சில நேரம் எங்கள் தொழிலில் உள்ளவர்களே சொல்வார்கள். கேட்காதீர்கள். ஆல்பத்தைப் படம் எடுத்த தேதி உங்கள் போனிலேயே பதிந்திருக்கிறது. உங்களுக்கு இருக்கும் ஒரே நல்ல ஆதாரம் அந்தப் படங்கள்தான். பிரமாணப் பத்திரத்தில் பொய்த் தேதி போட்டால் அதே ஆதாரம் உங்களைப் பொய்ச் சாட்சி ஆக்கிவிடும். அந்தப் போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். மின்னணு ஆதாரத்துக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63(4) பிரிவுச் சான்றிதழ் வேண்டும், அதற்குப் போன் அப்படியே இருக்க வேண்டும்.

அவர் பேசுவதைப் பதிவு செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கணவன் மனைவி ரகசியமாகப் பதிவு செய்த உரையாடலையும் திருமண வழக்கில் ஆதாரமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் அவர் உங்களிடம் பேசியதை வைத்துக்கொள்ளுங்கள். அவர் போனில் உளவுச் செயலி போடுவது, அழைப்புப் பட்டியலைத் திருட்டு வழியில் எடுப்பது, இதற்கெல்லாம் அந்தத் தீர்ப்பை அனுமதியாக நினைக்காதீர்கள். அது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் உங்கள் மேலேயே வழக்காக வந்து நிற்கும். நள்ளிரவு போன் யாருடையது என்று தெரிவதால் உங்கள் மனு ஒரு அங்குலம்கூட நகராது.

வேறு பெயரில் அந்தப் பெற்றோரைப் பார்க்கும் எண்ணத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். முதல் திருமணம் நடந்ததற்கு உங்களுக்குக் கிடைக்கக்கூடிய சிறந்த சாட்சிகள் அவர்கள்தான். கல்யாணப் பத்திரிகையோ படமோ மட்டும் போதாது. இருதார வழக்கில் முதல் திருமணச் சடங்கு உண்மையிலேயே நடந்தது என்று நிரூபித்தாக வேண்டும், உங்கள் திருமணச் சடங்கையும் அப்படியே. ஏமாற்றி வீட்டுக்குள் வந்தவருக்காக அவர்கள் கூண்டில் ஏறுவார்களா? உங்கள் வக்கீல் மூலம், உங்கள் சொந்தப் பெயரில் அணுகுங்கள். மகளைப் பற்றி அவர்களும் யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருக்கலாம்.

மரணமா, விவாகரத்தா என்பதைக் கண்டுபிடிக்கத் துப்பறிய வேண்டியதில்லை. விவாகரத்து என்றால் ஏதோ ஒரு குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்கு எண் இருக்கும். இரு பெயர்களையும் வைத்து, நீதிமன்ற வழக்குகளைத் தேடும் இணையதளமான இ-கோர்ட்ஸில் தேடிப் பார்க்கலாம், பிறகு சான்றிட்ட நகலுக்கு வக்கீல் மனு போடுவார். தீர்ப்புத் தேதி உங்கள் திருமணத்துக்கு முன்னதா என்பதை மட்டும் பாருங்கள். மரணம் என்றால் உள்ளாட்சி அமைப்பில் பதிவு இருக்கும். திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ சந்தேகமான முறையில் இறந்தாலோ போலீஸ் அதைச் சாதாரண மரணமாக முடித்துவிட முடியாது. பிரேதப் பரிசோதனை நடக்க வேண்டும், கோட்டாட்சியர் விசாரணைக்கும் போகும். அப்படி ஏதாவது நடந்திருந்தால் காகிதம் இருக்கும். அந்தக் காகிதம் கைக்கு வரும்வரை "கொன்றுவிட்டார்கள்" என்ற சொல்லை மனுவிலும் எழுதாதீர்கள், வாட்ஸ்அப்பிலும் எழுதாதீர்கள். அவதூறு வழக்கு ஒரு பக்கம். அதைவிட, நிரூபிக்க முடியாத ஒரு குற்றச்சாட்டு, நிரூபிக்கக்கூடிய மற்ற எல்லாவற்றின் மேலும் சந்தேகத்தைக் கிளப்பிவிடும்.

முதல் கல்யாணம் என்று சொன்னார்கள் என்பதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது என்றும் தேடுங்கள். மேட்ரிமோனி பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், தரகர் கொடுத்த ஜாதகக் குறிப்பு, உங்கள் திருமணப் பதிவு விண்ணப்பம். பதிவு விண்ணப்பத்தில் திருமண நிலையைக் கேட்கும் கட்டம் இருந்து, அதில் "திருமணமாகாதவர்" என்று நிரப்பிக் கையெழுத்தும் போட்டிருந்தால், எரிந்த ஆல்பத்தைவிட அது கனமான ஆதாரம்.

சரி, முடிவாக எதற்குப் போராடுவது? முதல் மனைவி விவாகரத்து ஆனவர் என்று தெரிந்தால், ஒப்பந்தமாக முடித்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். "அவர் என்னை ஏமாற்றினார் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயமான ஆசைதான். ஆனால் அவர் எதிர்த்து நடத்தினால், மேல்முறையீட்டையும் சேர்த்து, உங்கள் முப்பதுகளில் பல வருடம் அதில் போய்விடும். ஓராண்டு பிரிந்து வாழ்ந்தபின் இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் பரஸ்பர சம்மத விவாகரத்து கேட்கலாம். அதிலுள்ள ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்கில் தளர்த்தலாம் என்று 2017-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நகை, கல்யாணச் செலவு, நிரந்தர ஜீவனாம்சம் எல்லாவற்றையும் அந்த ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

ஆனால் பேச்சுவார்த்தையிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. பெரியவர்கள் உட்காருவார்கள், அடுத்த வாரம் என்பார்கள், ஆடி கழியட்டும் என்பார்கள், ஆகஸ்ட் போய்விடும். அதற்குப் பிறகு உங்கள் கையில் பேரம் பேச என்ன இருக்கும்? அதனால் ரத்து மனுவை முதலில் போட்டுவிடுங்கள். அது நிலுவையில் இருக்கும்போதே சமரச மையத்தில் தாராளமாகப் பேசலாம்.

முதல் திருமணம் இன்னும் நிற்கிறது என்று தெரிந்தால் சமரசத்துக்கு அவசரப்படாதீர்கள். 11-ஆம் பிரிவில் செல்லாது என்ற தீர்ப்பை வாங்குங்கள். செல்லாத திருமணம் என்பதாலேயே ஜீவனாம்சம் இல்லை என்று மிரட்டுவார்கள். 25-ஆம் பிரிவில் நிரந்தர ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. குழந்தை பற்றி எதுவும் எழுதவில்லை. இருந்தாலும் வந்தாலும், திருமணம் செல்லாது என்பதால் குழந்தை முறையற்றதாகிவிடாது, 16-ஆம் பிரிவு பார்த்துக்கொள்ளும்.

அடுத்த வாரம் அவரோடு அந்த ஊருக்குப் போகலாமா என்ற கேள்விக்குப் பதில்: போக வேண்டாம். அவரைச் சந்தேகித்துச் சொல்லவில்லை, உங்கள் பாதுகாப்புக்கும் வழக்குக்கும் சேர்த்துச் சொல்கிறேன். உண்மையைச் சொல்ல ஊர் எதற்கு? அந்தப் பெண்ணின் பெயர், திருமணத் தேதி, இப்போது எங்கே இருக்கிறார், இறந்திருந்தால் என்றைக்கு, விவாகரத்து என்றால் எந்த நீதிமன்றம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். அம்மா வீட்டில் இருந்துகொண்டு கேளுங்கள்.