தங்கம் இருக்கிறது, டாலர் எங்கே?

கேள்வி: இலங்கை, லெபனான் இரண்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பை ஒப்பிடப் பார்த்தேன். ஒரே ஆண்டுக்கு ஓர் அட்டவணையில் ஓர் எண், இன்னொன்றில் வேறு எண். எதை எடுத்துக்கொள்வது?

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். உலக வங்கி தங்கத்தைச் சேர்த்து ஒரு வரிசையும், தங்கத்தைக் கழித்து ஒரு வரிசையும் வெளியிடுகிறது. இலங்கையிடம் தங்கம் சொற்பம் என்பதால் எதை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் வராது. லெபனானுக்கோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு நாட்டுக்கு இந்த வரிசை, மற்றதற்கு அந்த வரிசை என்று கலந்துவிட்டால் ஒப்பீடே பாழ்.

முதலில் இரு நாடுகளுக்கும் ஒரே மாதக் கடைசித் தேதியைப் பிடியுங்கள். தங்கத்தை மதிப்பில் பார்க்காமல் டன்னில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு டன் என்பது 32,150.7 ட்ராய் அவுன்ஸ் (தங்கத்தை நிறுக்கும் அலகு). லெபனானின் 286.8 டன், ஏறக்குறைய 92.2 லட்சம் அவுன்ஸ். அவுன்ஸ் விலை 100 டாலர் ஏறினால் கணக்கில் 92 கோடி டாலர் கூடிவிடும். நாட்டுக்குள் ஒரு டாலர்கூட வந்திருக்காது. 'கையிருப்பு உயர்ந்தது' என்ற செய்தியைப் படிக்கும்போது டன் கூடியதா, விலை கூடியதா என்று பாருங்கள். சில நாடுகள் தங்கத்தைப் பழைய விலையிலேயே எழுதிவைக்கும். அமெரிக்க அரசின் கணக்கில் இன்றும் அவுன்ஸ் 42.22 டாலர்தான்! அதனால் இரு நாட்டுத் தங்கத்தையும் நீங்களே ஒரே விலையால் பெருக்கிக்கொள்வது உத்தமம்.

கேள்வி: இவ்வளவு தங்கத்தை வைத்துக்கொண்டு லெபனான் 2020-ல் ஏன் கடனைக் கட்ட முடியாமல் நின்றது?

பதில்: அந்த மார்ச்சில் கட்ட வேண்டியிருந்தது 120 கோடி டாலர் கடன்பத்திரம். தங்கத்தின் அன்றைய மதிப்பு 1,400 கோடி டாலருக்கு மேல். ஆனால் நாடாளுமன்றம் சட்டம் இயற்றாமல் அந்தத் தங்கத்தைத் தொடக்கூடாது என்று உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1986-ல், ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள். பூட்டு அது. இன்னொரு கோளாறு டாலர் பக்கம். அங்குள்ள மத்திய வங்கியின் டாலர் கையிருப்பில் பெரும்பகுதி வணிக வங்கிகள் போட்டுவைத்தது, அதாவது மக்களின் வைப்புத்தொகை. சொத்துப் பக்கத்தில் அது கையிருப்பு, பொறுப்புப் பக்கத்தில் அதுவே கடன். மொத்தக் கையிருப்பை மட்டும் பார்த்தவர்களுக்கு இது கண்ணில் படவில்லை. மக்கள் பணம் எடுக்க வங்கிகள் வரம்பு வைத்தபோதுதான் புரிந்தது.

கேள்வி: இலங்கையில் என்ன நடந்தது? அங்கே தங்கத்தை விற்றார்களே?

பதில்: விற்றார்கள். சுமார் 6.7 டன் இருந்ததில் பாதிக்கு மேல் 2021 கடைசியில் போனது. கிடைத்தது 20 கோடி டாலருக்குச் சற்று மேல். அந்த ஆண்டில் மாதத்துக்கு ஏறக்குறைய 170 கோடி டாலருக்குச் சரக்கு இறக்குமதி செய்த நாட்டுக்கு அது நான்கு நாள் செலவு. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

பெரிய பாடம் வேறொரு இடத்தில் இருக்கிறது. 2022 ஏப்ரல் இறுதியில் அதிகாரபூர்வக் கையிருப்பு சுமார் 180 கோடி டாலர். மே முதல் வாரத்தில் நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னது, பயன்படுத்தக்கூடியது 5 கோடி டாலர்கூட இல்லை என்று. மீதி எங்கே? பெரும்பகுதி சீன மத்திய வங்கியுடன் செய்த 1,000 கோடி யுவான் ஸ்வாப் (இரு நாட்டு நாணயங்களை மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம்), சுமார் 150 கோடி டாலர். மூன்று மாத இறக்குமதிக்குப் போதிய கையிருப்பு இருந்தால்தான் அதை எடுக்கலாம் என்பது நிபந்தனை. அவ்வளவு இருந்தால் அது எதற்கு என்று கேட்காதீர்கள்.

ஆகவே மொத்தத்திலிருந்து ஸ்வாப், உள்நாட்டு வங்கிகளின் டாலர் வைப்பு, சர்வதேச நாணய நிதியத்துக்குத் தரவேண்டியது ஆகியவற்றைக் கழியுங்கள். மிஞ்சுவதை மாத இறக்குமதிச் செலவால் வகுத்தால் எத்தனை மாதம் தாங்கும் என்று தெரியும். மூன்று மாதம் என்பது பழைய அளவுகோல். ஓராண்டுக்குள் கட்டவேண்டிய வெளிநாட்டுக் கடனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இறக்குமதியைவிட அதுதான் நாடுகளை அதிகம் கவிழ்க்கிறது. நாணய நிதியத்தின் கையிருப்புப் படிவத்தில் அடுத்த 12 மாதத்தில் வெளியேறவிருக்கும் தொகைக்குத் தனிப் பகுதியே உண்டு. பலர் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

கேள்வி: மக்கள் வீட்டில் வைத்திருக்கும் நகைகளும் கணக்கில் வருமா?

பதில்: வராது. மத்திய வங்கியோ அந்தப் பொறுப்பிலுள்ள அரசு அமைப்போ கையிருப்பாக வைத்திருக்கும், ஆயிரத்துக்கு 995 பங்குக்குக் குறையாத தூய்மையுள்ள தங்கம் மட்டுமே சேரும்.

கேள்வி: தங்கமே இல்லாத நாடு பலவீனமானதா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. கனடாவிடம் கையிருப்புத் தங்கம் கிடையாது. நார்வே 2004-ல் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் விற்றுவிட்டது.