கடையில் கேட்கிற கேள்விக்கு வெப்சைட்டில் பதில் இருக்கிறதா?

கேள்வி: பவானியில் ஜமக்காளம் வியாபாரம் செய்கிறோம். அப்பா காலத்துக் கடை. ஐந்து மாதம் முன்பு 22,000 ரூபாய் கொடுத்து முதல்முறையாக ஒரு வெப்சைட் போட்டோம். தினம் முப்பது, நாற்பது பேர் வந்து பார்ப்பதாகக் கணக்கு காட்டுகிறது. போன் மட்டும் வருவதில்லை. செய்துகொடுத்தவரிடம் கேட்டால், "டிசைன் பழசாயிடுச்சு, புதுசா பண்ண இன்னொரு 25,000 ஆகும்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஐந்து மாதத்தில் பழசாகிப்போக அதென்ன வாழைப்பழமா?

உங்கள் சைட்டை என் போனில் திறந்து பார்த்தேன். கொஞ்ச நேரம் வெள்ளையாகவே நின்றது. அப்புறம் திரை நிறைய ஒரு படம்: கூடுதுறையில் சூரிய உதயம். அது நகர்ந்து ஒரு தறி வந்தது. அதுவும் நகர்ந்து 'தரமே எங்கள் தாரக மந்திரம்' வந்தது. கீழே தள்ளினால் 'எங்களைப் பற்றி' என்று நாலு பத்தி. அதையும் தாண்டிய பிறகுதான் ஒரு ஜமக்காளம் கண்ணில் பட்டது. அதற்கு விலையும் இல்லை, அளவும் இல்லை.

போனை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். "கூடத்துல பத்துப் பேர் உக்கார்ற மாதிரி ஒரு ஜமக்காளம் என்ன விலைன்னு பார்த்துச் சொல்லுங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவர் படத்தைத் தொட்டார், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தித் தொட்டார். அடியில் போன் நம்பர் தெரிந்ததும் அதையும் தொட்டார். அது படத்துக்குள் அச்சடித்த நம்பர்; எத்தனை முறை தொட்டாலும் போன் போகாது. "ஒரு பேப்பர்ல எழுதிக்கவா தம்பி?" என்று கேட்டார். தெரிந்தவன் கேட்டதற்காக அவ்வளவு தூரம் மெனக்கெட்டார். தெரியாதவர் யாராவது பேப்பரும் பேனாவும் தேடுவாரா?

இந்தச் சோதனைக்குச் செலவு இல்லை. கடைக்குச் சம்பந்தமில்லாத மூன்று பேரிடம் போனைக் கொடுங்கள். ஒரு வேலை சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து விரல் எங்கே தடுமாறுகிறது என்று மட்டும் பாருங்கள். "அங்க இல்லக்கா, மேல பாருங்க" என்று நீங்கள் வாய் திறந்தால் சோதனை கெட்டது.

அடுத்து, கடையில் வந்து நிற்பவர் என்னென்ன கேட்கிறார் என்று ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். எத்தனை அடிக்கு எத்தனை அடி? எத்தனை பேர் உட்காரலாம்? சாயம் போகுமா? வீட்டில் துவைக்கலாமா? பெங்களூருக்கு அனுப்பினால் கூரியர் எவ்வளவு? முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது இந்தப் பதில்கள்தான். வெறும் 'பெரியது, சிறியது' போதாது. அடிக்கணக்கோடு, ஜமக்காளத்தை விரித்து அதன்மேல் ஆள் உட்கார்ந்த ஒரு படமும் போடுங்கள். அளவு அப்போதுதான் மனதில் நிற்கும். எடையையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜமக்காளம் கனமான சரக்கு. கூரியர் தொகையைக் கடைசியில் பார்த்ததும் பாதிப் பேர் மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

வாங்குகிறவருக்கு உள்ளூர இருக்கிற சந்தேகம் வேறு: இது கைத்தறியா, விசைத்தறியா? பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. 1985 சட்டத்தின்படி கைத்தறிக்கென ஒதுக்கிய ரகங்களில் ஜமக்காளமும் ஒன்று. இருந்தும் விசைத்தறிச் சரக்கு பவானி பெயரில் விலைபோவது உங்களுக்கே தெரியும். உங்களுடையது கைத்தறி என்றால், சூரிய உதயத்தை எடுத்துவிட்டு, உங்கள் தறியில் நெய்கிற அரை நிமிட வீடியோவை அங்கே வையுங்கள். கைத்தறி முத்திரை வாங்கியிருந்தால் அதையும் காட்டுங்கள். தாரக மந்திரத்தைவிட இதை ஜனங்கள் நம்புவார்கள்.

வெள்ளையாக நின்றதற்குக் காரணம் படங்களின் கனம். போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் நாலைந்து எம்பி. அகலத்தை 1,200 பிக்சலாகக் குறைத்து வெப்பி (WebP) என்ற கனம் குறைந்த பட வடிவத்தில் சேமித்தால் பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைப் போட்டால் எது இழுக்கிறது என்று இலவசமாகக் காட்டும். பக்கத்தின் முக்கியமான பகுதி இரண்டரை விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு.

விலை, அளவு, தொட்டால் போகிற போன் நம்பர், வாட்ஸ்அப் பொத்தான், இளைத்த படங்கள். இவ்வளவும் இருக்கிற சைட்டிலேயே இரண்டு மூன்று நாளில் முடிகிற வேலை. அதற்கு மட்டும் கூலி பேசுங்கள்.

கேள்வி: அவரை விட்டு வேறு ஆளிடம் போகலாம் என்றால், "டொமைன் என் பெயரில்தான் இருக்கு" என்கிறாரே?

பதில்: இதைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். டொமைன் என்பது உங்கள் சைட்டின் முகவரி; கடைக்குப் பெயர்ப்பலகை மாதிரி. பலகை எழுதியவர் வீட்டில் அது இருக்கக் கூடாது. சண்டை போடாமல், உங்கள் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி அதற்கு மாற்றித் தரச் சொல்லி ஈமெயிலில் கேளுங்கள். வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதானால் ஒரு மாற்றுக் குறியீடு தேவை. டொமைன் இப்போது யார் பெயரில் இருக்கிறதோ, அவர்தான் அதை எடுத்துத் தர முடியும். புதுப்பிக்கும் தேதியையும் கேட்டு வாங்குங்கள். பாக்கிப் பணம் ஏதாவது இருந்தால், டொமைன் கைக்கு வந்த பிறகு கொடுங்கள்.

கேள்வி: "இன்னும் 2 மட்டுமே உள்ளது, 10 நிமிடத்தில் ஆஃபர் முடியும்" என்று ஓடுகிற கடிகாரம் வைத்தால் விற்பனை கூடும் என்கிறார்களே?

பதில்: நிஜமாகவே இரண்டுதான் இருக்கிறதென்றால் எழுதுங்கள். இல்லாத அவசரத்தைக் காட்டுவது, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடைசெய்த 13 ஏமாற்று உத்திகளில் ஒன்று. கேட்காத பொருளைக் கூடையில் தானாகச் சேர்ப்பதும், கட்டணத்தை ஒளித்துவைத்துக் கடைசியில் காட்டுவதும் அதே பட்டியலில்தான் வருகின்றன.

கடிகாரம் வைக்கிற இடத்தில், இணையத்தில் விற்பவர்களுக்கான 2020 மின்வணிக விதிகள் கேட்பதைப் போடுங்கள்: கடையின் சட்டப்படியான பெயர், முகவரி, எல்லாக் கட்டணமும் சேர்ந்த மொத்த விலை, திருப்பி அனுப்புவதற்கும் பணம் திரும்பத் தருவதற்குமான நிபந்தனை, குறை கேட்கும் அலுவலரின் பெயரும் தொடர்பும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் 'கிடைத்தது' என்று தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அலுவலர் என்றதும் பயப்படாதீர்கள். உங்கள் கடையில் அது நீங்கள்தான். எதிர்வீட்டு அக்கா கடைசியில் என்னிடம் கேட்டதும் இதுதான்: "பிடிக்கலைன்னா திருப்பி வாங்கிக்குவாங்களா?" உங்கள் சைட்டில் தேடிப் பார்த்தேன், அதற்குப் பதில் இல்லை.