விஆர் ஸ்டெல்த் கேம்: முதலில் எதை ஆடுவது, எதை மாற்றி அமைப்பது?

கேள்வி: கணினியில் ஸ்டெல்த் கேம்களை விரும்பி ஆடுபவன் நான். யார் கண்ணிலும் படாமல் ஒரு கோட்டைக்குள் புகுந்து வெளியே வருவதுதான் எனக்குப் பிடித்த ஆட்டம். அண்மையில் மெட்டாவின் குவெஸ்ட் 3எஸ் என்ற விஆர் (மெய்நிகர் உலகைக் காட்டும்) ஹெட்செட் வாங்கினேன். 'அசாசின்ஸ் கிரீட் நெக்சஸ்' ஆடத் தொடங்கினால் கால் மணி நேரத்தில் தலை சுற்றுகிறது. குனிந்து குனிந்து தொடை வலிக்கிறது. சுவரோரம் ஒளிந்திருந்தும் மாட்டிக்கொள்கிறேன். எதையாவது எறிந்தால் காலடியிலேயே விழுகிறது. நான் தவறாக ஆடுகிறேனா, இல்லை விஆரில் இந்த வகை கேம்களே இப்படித்தானா?

பதில்: இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். தலைசுற்றல், தொடை வலி, எறிதல் மூன்றையும் பெருமளவு சரிசெய்யலாம். மாட்டிக்கொள்வது பாதி உங்கள் கையில் இருக்கிறது, மீதி கேமை உருவாக்கியவர்கள் கையில். அதனால் அதையே முதலில் பார்ப்போம்.

கணினியில் நீங்கள் ஆடிய ஸ்டெல்த் கேம்களில் பலவற்றில் கேமரா உங்கள் பாத்திரத்தின் முதுகுக்குப் பின்னால், சற்று உயரத்தில் இருந்திருக்கும். பாத்திரம் சுவரோடு ஒட்டி நிற்கும்போதே மூலைக்கு அப்பால் வரும் காவலாளி உங்களுக்குத் தெரிவான். அந்தச் சலுகை விஆரில் கிடையாது. பார்க்க வேண்டுமென்றால் உங்கள் தலையை நீட்டியாக வேண்டும், நீட்டினால் தலை வெளியே தெரியும். பார்வைப் பரப்பும் குறைவு. மனிதக் கண்கள் இரண்டும் சேர்ந்து பக்கவாட்டில் ஏறக்குறைய 200 டிகிரி வரை உணரும். உங்கள் ஹெட்செட் காட்டுவது 100 டிகிரிக்குள்தான். கடைக்கண்ணில் ஓர் அசைவை உணர்ந்து திரும்பும் இயல்பான எச்சரிக்கை இங்கே வேலை செய்யாது.

இன்னொரு சிக்கல் உள்ளே இருக்கிறது. ஹெட்செட்டுக்கு உறுதியாகத் தெரிவது உங்கள் தலையும் இரண்டு கைகளும் மட்டுமே. தோள், இடுப்பு, கால் எங்கே இருக்கின்றன என்பதைக் கேம் ஊகிக்கிறது. காவலாளியின் கண்ணிலிருந்து உங்கள் உடலின் சில புள்ளிகளுக்குக் கோடு போட்டுப் பார்த்து, இடையில் சுவர் இல்லையென்றால் 'தெரிகிறது' என்று கணக்கிடுவதுதான் பொதுவான முறை. அந்தப் புள்ளிகள் எங்கே என்று கேமுக்குக் கேம் மாறும். நீங்கள் முழுவதும் மறைந்திருப்பதாக நினைப்பீர்கள், கேம் ஊகித்த தோள் வெளியே இருக்கும். ஆகவே விளிம்பில் நிற்காதீர்கள். மூலையிலிருந்து ஓரடி உள்ளே தள்ளி நின்று, இடுப்பிலிருந்து சாய்ந்து எட்டிப் பாருங்கள். கையையும் அதில் பிடித்திருக்கும் கன்ட்ரோலரையும் மார்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேமிலும் முதல் காவலாளியிடம் வேண்டுமென்றே இரண்டு மூன்று முறை மாட்டிப் பாருங்கள். தலை எவ்வளவு வெளியே வந்தால் அவன் கவனிக்கிறான், முழுதாய்க் கண்டுகொள்ள எத்தனை நொடி ஆகிறது என்று தெரிந்துகொண்டால், மீதி ஆட்டம் வேறாக இருக்கும்.

இவ்வளவு குறைகளையும் தாண்டி இந்த வகையை விஆரில் ஆட வேண்டியதற்குக் காரணம், பதுங்குவது என்பதே உடம்பு செய்யும் வேலை. கணினியில் ஒரு பொத்தானை அழுத்தியதும் பாத்திரம் பதுங்கும். இங்கே பதுங்குவது நீங்கள். 2020-இல் வந்த 'ஹாஃப் லைஃப்: அலிக்ஸ்' முழு ஸ்டெல்த் கேம் இல்லை என்றாலும் அதில் வரும் ஓர் அத்தியாயம் இதற்கு நல்ல சான்று. ஜெஃப் என்ற ஒரு ஜந்து. அதற்குக் கண் தெரியாது, காது மட்டும்தான். காற்றில் மிதக்கும் நச்சுத் துகள் உங்களுக்கு இருமலை வரவழைக்கும், ஆகவே ஒரு கையால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். மிச்சம் இருப்பது ஒரே கை. அந்தக் கையால் அலமாரியைத் திறக்கும்போது ஒரு பாட்டில் உருண்டால், விழுவதற்குள் பிடிக்க வேண்டும், அதற்கு வாயிலிருந்து கையை எடுக்க வேண்டும். இந்தப் பதற்றத்தை விசைப்பலகையால் கொடுக்கவே முடியாது. இந்த கேமுக்குக் கணினியும் வேண்டும். உங்களிடம் நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தால் ஹெட்செட்டைக் கேபிளில் இணைத்து ஆடலாம்.

இப்போது தலைசுற்றல். நீங்கள் தொடங்கிய கேமே கடினமானது. 2023 நவம்பரில் வந்த நெக்சஸில் கூரை விட்டுக் கூரை தாவுவதும் உயரத்திலிருந்து குதிப்பதும் அடிக்கடி வரும். கண் 'விழுகிறோம்' என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'அசையவே இல்லை' என்கிறது. இந்த முரண்தான் குமட்டலுக்குக் காரணம். அதை மூன்றாவதாக ஆடுங்கள். நான் சொல்லும் வரிசை இது.

முதலில் 'பட்ஜெட் கட்ஸ்'. சுவீடனின் நீட் கார்ப்பரேஷன் 2018-இல் வெளியிட்டது. இரண்டு பாகங்களும் சேர்ந்த 'அல்டிமேட்' பதிப்பு குவெஸ்டில் கிடைக்கிறது. அலுவலகம் ஒன்றில் ரோபோக்களுக்குத் தெரியாமல் நகர வேண்டும். இதில் நீங்கள் நடப்பதில்லை. கையிலுள்ள கருவியால் ஒரு பந்தைச் சுட்டால், அது விழும் இடம் ஒரு சிறு சாளரமாகக் கையெதிரே திறக்கும். அதற்குள் எட்டிப் பார்த்து, ஆள் இல்லை என்று உறுதியானதும் அந்த இடத்துக்குப் போகலாம். நகர்வு நொடியில் முடிவதால் கண்ணுக்கும் காதுக்கும் சண்டை வராது. மூலைக்கு அப்பால் பார்க்க முடியாத விஆரின் குறைக்கு, நகரும் கருவியே தீர்வாகவும் அமைந்துவிட்டது. இந்த வகையில் இதைவிடப் புத்திசாலித்தனமான ஒரு வடிவமைப்பைச் சொல்வது கடினம்.

அடுத்து 'ஃபேன்டம்: கோவர்ட் ஆப்ஸ்', என்ட்ரீம்ஸ் நிறுவனம் 2020 ஜூனில் வெளியிட்டது. முழு கேமும் கயாக் என்ற சிறு படகில். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் துடுப்பைப் பிடித்து, இரவில் ஒரு கடற்படைத் தளத்துக்குள் போக வேண்டும். நிஜத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள், கேமிலும் உட்கார்ந்திருக்கிறீர்கள். தொடை வலிக்கு இடமே இல்லை. கை இல்லாத நாற்காலியாக இருக்கட்டும், இல்லாவிட்டால் துடுப்பு போடும்போது முழங்கை இடிக்கும். படகைத் திருப்பும்போது சிலருக்கு லேசாகக் கிறுகிறுக்கும், வேகமாகத் துடுப்பு போடுவதைத் தவிர்த்தால் குறையும். குறை என்றால், படகை விட்டு இறங்க முடியாததால் பாதி ஆட்டத்துக்குப் பிறகு சூழ்நிலைகள் ஒரே மாதிரி தோன்றத் தொடங்கும்.

இவை பழகிய பிறகு நெக்சஸுக்குத் திரும்புங்கள். திரும்பும்போது அமைப்புகளில் இவற்றை மாற்றுங்கள்: கன்ட்ரோலரின் குச்சியைத் தள்ளி நடப்பதற்குப் பதில் குறித்த இடத்துக்கு நொடியில் தாவும் டெலிபோர்ட், சீராகத் திரும்புவதற்குப் பதில் 30 அல்லது 45 டிகிரியாகப் படிப்படியாகத் திரும்பும் ஸ்நாப் டர்ன், நகரும்போது பார்வையின் ஓரங்களை இருட்டாக்கும் விக்னெட் முழு அளவில், உயர பயத்தைக் குறைக்கும் வசதி இயக்கத்தில். ஒரு மேசை விசிறியை முகத்துக்கு நேராக வையுங்கள். வியர்வையும் லென்ஸில் ஆவி படிவதும் குறையும், நிஜ அறையில் எந்தத் திசையில் நிற்கிறீர்கள் என்பதும் காற்றில் தெரியும். நெற்றி சூடாவது, உமிழ்நீர் ஊறுவது, கொட்டாவி வருவது இவையெல்லாம் முன்னறிகுறிகள். அப்போதே கழற்றிவிடுங்கள், 'இந்தக் கட்டத்தை முடித்துவிட்டு' என்று பல்லைக் கடித்து ஆடாதீர்கள். அப்படி ஆடினால் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் குமட்டும். பத்துப் பத்து நிமிடமாகத் தொடங்கி, ஒரு வாரத்தில் ஐந்தைந்தாகக் கூட்டினால் போதும்.

தொடை வலிக்கு: குனிவதற்குப் பொத்தான் வைத்திருக்கும் கேம்களில் அதைப் பயன்படுத்துங்கள், அது ஏமாற்று வேலை ஆகாது. நீண்ட தூரம் நகர்வதற்குப் பொத்தான், மேசைக்கு அடியில் எட்டிப் பார்ப்பது போன்ற சில நொடி வேலைக்கு மட்டும் நிஜமாகக் குத்துக்காலிடுவது என்று பிரித்துக்கொள்ளலாம். உட்கார்ந்து ஆடுவதென்றால் கேமின் அமைப்பில் 'உட்கார்ந்த நிலை' என்பதைக் கட்டாயம் தேர்ந்தெடுக்க வேண்டும். மறந்தால் கேம் உங்களை எப்போதும் பாதி குனிந்தவராகவே நினைக்கும், சன்னல் விளிம்புக்கு மேல் தலையே எட்டாது. தேர்ந்தெடுத்த பிறகு, வலது கன்ட்ரோலரில் மெட்டா பொத்தானை அழுத்திப் பிடித்துப் பார்வையை நேராக்குங்கள்.

தரையில் கிடக்கும் சாவியை எடுக்க முடியாமல் கை நிஜத் தரையில் முட்டுகிறதா? ஹெட்செட்டில் ஆடும் இடத்துக்கு எல்லைக்கோடு வரையும்போது தரை மட்டம் சில சென்டிமீட்டர் கீழே பதிவாகியிருக்கும். எல்லையை மீண்டும் வரைந்து, கன்ட்ரோலரைத் தரையில் தொட்டு மட்டத்தைச் சரிசெய்யுங்கள். ஆடும் இடம் குறைந்தது 2 மீட்டருக்கு 2 மீட்டர் இருக்கட்டும். அறையின் விளக்கையும் அணைக்காதீர்கள். இருட்டில் ஆடினால் இன்னும் த்ரில் என்று தோன்றும், ஆனால் ஹெட்செட்டின் கேமராக்களுக்கு அறையைப் பார்க்க வெளிச்சம் வேண்டும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமில் தெரியும் கை அடிக்கடி நடுங்கினால், ஹெட்செட்டின் இயக்கக் கண்காணிப்பு அமைப்பில் அலைவரிசையைத் தானியங்கியிலிருந்து 50-க்கு மாற்றிப் பாருங்கள். தோளுக்குப் பின்னாலோ இடுப்புக்குப் பின்னாலோ கையைக் கொண்டுபோய் ஆயுதம் எடுக்கும் கேம்களில் கேமராவுக்குக் கை தெரியாத நேரம் வரும். கையை அங்கேயே வைத்துத் துழாவாமல் ஒரே அசைவில் போய்த் திரும்புங்கள்.

எறிதலில் நடப்பது இதுதான். பிடியை விடும் நொடியில் உங்கள் கை எந்த வேகத்தில், எந்தத் திசையில் போகிறதோ அதைத்தான் கேம் நீங்கள் எறியும் கத்திக்குக் கொடுக்கிறது. கன்ட்ரோலர் கையிலேயே இருப்பதால் விரலை விட மனம் தயங்கும். கை முழுவதும் நீண்டு கீழே இறங்கத் தொடங்கிய பிறகுதான் விடுவீர்கள், கத்தியும் கீழே போகும். முழங்கை காது உயரத்திலிருந்து முன்னே வரும்போதே, கை முழுதாய் நீளும் முன்பே விட்டுவிடுங்கள். மணிக்கட்டைச் சுண்டாதீர்கள். கன்ட்ரோலரின் வாரைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள், எதிர்ச் சுவர் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

ஒலியில் சிக்கனம் வேண்டாம். காலடி ஓசையை வைத்துக் காவலாளி எங்கே என்று கணிப்பது இந்த ஆட்டத்தின் பாதி. ஹெட்செட்டின் ஸ்பீக்கர் காதை மூடாது, விசிறிச் சத்தமும் தெருச் சத்தமும் அதில் கலக்கும். 3எஸ்ஸில் 3.5 மிமீ துளை கிடையாது, ஆகவே யுஎஸ்பி-சி இயர்போன் வாங்குங்கள். ப்ளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதித்து வரும், பாட்டுக்குப் பரவாயில்லை, காலடிக்கு ஆகாது.

எந்த அமைப்பாலும் தீராத குறைகளும் உண்டு. தனியே இயங்கும் ஹெட்செட், நொடிக்கு 72 முறை, இரண்டு கண்களுக்கும் படம் வரைய வேண்டும். ஒரு படத்துக்கு 14 மில்லிநொடிகூட இல்லை. அதற்குள் காவலாளிகளின் மூளையையும் ஓட்ட வேண்டும் என்பதால் ஆட்கள் குறைவு, அறைகள் சிறிது, தேடும் அறிவு மட்டு. இரண்டாவது, இருட்டு. உங்கள் ஹெட்செட்டின் திரை எல்சிடி. அதில் கறுப்பு என்பது அடர் சாம்பல்தான். 2025 டிசம்பரில் வந்த 'தீஃப் விஆர்' போல வெளிச்சமும் நிழலுமே உயிராக உள்ள கேம்கள் கறுப்பை முழுக் கறுப்பாகவே காட்டும் ஓலெட் திரை உள்ள சோனியின் பிஎஸ் விஆர்2 ஹெட்செட்டில் வேறு தரத்தில் தெரியும். மூன்றாவது, காத்திருப்பு. ரோந்தின் பாதையைப் படிக்க நிமிடக்கணக்கில் அசையாமல் நிற்பது ஸ்டெல்த்தின் சுவை. அரை கிலோவுக்கு மேல் முகத்தில் தொங்கும்போது அந்தப் பொறுமை கழுத்து வலியாக மாறும். பின்புறம் பேட்டரி உள்ள தலைப்பட்டை போட்டால் எடை சமமாகும், ஆட்ட நேரமும் கூடும்.

வாங்கும் முன் ஒன்று. மெட்டா கடையில் பெரும்பாலான கேம்களை, வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறலாம். முதல் ஒரு மணி நேரத்தை அதற்கென்றே ஒதுக்குங்கள்: ஒரு முறை வேண்டுமென்றே மாட்டிக்கொண்டு, தப்பித்து மறுபடி ஒளிய முடிகிறதா என்று பாருங்கள். மாட்டியவுடன் வெறும் துப்பாக்கிச் சண்டையாக மாறி, முடிந்ததும் வெகு தூரம் பின்னால் இருந்து தொடங்கச் சொன்னால், அந்த கேமைத் தயங்காமல் திருப்பிவிடுங்கள்.