மார்கழியில் மலை இறங்கும் லாரி: கேள்வி பதில்

மலை லோடு பற்றி எது வேணும்னாலும் கேளுங்கன்னு சொன்னேன், கேள்வி குவிஞ்சிருச்சு. டயர் விலை, தவணைப் பாக்கி, ஆர்.டி.ஓ. சமாச்சாரம் கேட்டவங்க மன்னிக்கணும். மலை, குளிரு, வண்டி, இந்த மூணுக்கு மட்டும்தான் பதில்.

உசிலம்பட்டி: அண்ணே, ஜனவரியில முதல் தடவையா ஸ்ரீநகருக்கு லோடு எடுக்கிறேன். என்ன தயார் பண்ணணும்?

தம்பி, கப்பலூர் வழியா போகுதே நம்ம 44-ஆம் நம்பர் ரோடு, அதேதான் ஸ்ரீநகர் வரைக்கும் போகுது. ஆனா உதம்பூர் தாண்டினா அது வேற ரோடு. 2017-ல் செனானி–நாஷ்ரி சுரங்கமும், 2021-ல் பனிஹால்–காசிகுண்ட் சுரங்கமும் திறந்த பிறகு உச்சியில பனிக்குள்ள மாட்டுறது குறைஞ்சிருக்கு. ராம்பன்–பனிஹால் நடுவில மண்ணும் கல்லும் சரியுறது மட்டும் குறையல. ரோட்டை அடைச்சா நாள் கணக்கில நிக்கணும். கம்பளி, சாப்பாட்டுச் சாமான், தண்ணி கூடுதலா வச்சுக்க.

சமவெளியில டேங்கை ரொப்பிக்கிட்டு மேல ஏறாதே. குளிர்ல டீசல்ல இருக்கிற மெழுகு திரண்டு பில்டரை அடைச்சிரும். மேல விக்கிறதைப் போடு. லடாக்குக்குன்னே 2019-ல் இந்தியன் ஆயில் மைனஸ் 33 டிகிரி தாங்குற டீசல் கொண்டு வந்துச்சு, குளிர் எந்த அளவுக்குன்னு நீயே பாத்துக்க. டீசல் உறைஞ்சா டேங்குக்கு அடியில துணியைக் கொளுத்திச் சூடு காட்டுறவங்க உண்டு. நீ அதைப் பண்ணாதே.

ரேடியேட்டர்ல வெறும் தண்ணி இருந்தா உறைஞ்சு விரிஞ்சு இன்ஜின் பிளாக்கையே வெடிக்க வச்சிரும். கூலன்ட்டும் தண்ணியும் பாதிப் பாதி ஊத்து. பிரேக்குக்குக் காத்து அடைச்சு வைக்கிற ஏர் டேங்க்ல சேர்ற ஈரத்தைத் தினமும் வடிச்சு விடு. அது வால்வுல உறைஞ்சா பிரேக் வேலை செய்யாது. ராத்திரி வண்டியை நிறுத்தும்போது ஈரமான பிரேக் டிரம்ல, அதை அழுத்திப் பிடிக்கிற லைனர் ஒட்டி உறைஞ்சிரும், காலையில சக்கரம் உருளாது. சமமான இடமாப் பாத்து, கியர்ல போட்டு, முன்னும் பின்னும் கட்டை வச்சிட்டு ஹேண்ட் பிரேக்கை விட்டிரு. சரிவுன்னா இந்த வேலையே வேண்டாம், ஹேண்ட் பிரேக் இருக்கட்டும்.

இன்னொண்ணு: கேபினைச் சாத்திக்கிட்டு ஸ்டவ்வோ கரி அடுப்போ மூட்டாதே. அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுங்கிற விஷ வாயுவுக்கு வாசனை கிடையாது. தூக்கத்துலயே ஆள் போயிருவான்.

மேலூர்: கொடைக்கானல்லயும் டீசல் உறையுமா?

உறையாது. புல்லுல உறைபனி விழும், அவ்வளவுதான். அங்க பயப்பட வேண்டியது மூடுபனிக்கு.

சோழவந்தான்: மூடுபனியில ஹை பீம் போடலாமாண்ணே?

கூடாது. வெளிச்சம் பனியில பட்டு உங்க கண்ணுக்கே திரும்பும். லோ பீம், ஃபாக் லாம்ப், ஹாரன். ஓடுற வண்டியில ஹசார்டு, அதான் நாலு இண்டிகேட்டரையும் சேர்த்து மினுக்க விட்டா, நிக்குதா போகுதான்னு பின்னால வர்றவனுக்குத் தெரியாது.

போடி: போடிமெட்டு இறங்கும்போது நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சமாகுது. நாங்க காலங்காலமா அப்படித்தான் இறங்குறோம். இதுல என்ன தப்பு?

மாப்ள, மிச்சமும் ஆகாது. கியர்ல இருக்கும்போது சக்கரம்தான் இன்ஜினைச் சுத்துது. ஆக்சிலேட்டர்ல காலை எடுத்துட்டா இன்னைய வண்டிகள்ல டீசல் பாயுறதே நின்னுரும். நியூட்ரல்ல போட்டா, ஐடிலிங்ல ஓடுறதுக்கு அது டீசல் குடிக்கணும். செலவு எதுலன்னு நீங்களே சொல்லுங்க.

போடி, மறுபடியும்: அதெல்லாம் புது வண்டிக்கு. பழைய பம்ப் வண்டிக்கு?

அதுலயும் இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்துற கவர்னர் டீசலை அடைக்கும். சரி, டீசலை விடுங்க. 25 டன் வண்டி மெட்டிலிருந்து அடிவாரத்துக்கு ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் இறங்குது. அந்தச் சக்தி கரண்டுக் கணக்குல 68 யூனிட். 2016-ல் தமிழ்நாடு அரசாங்கம் வீடுகளுக்கு ரெண்டு மாசத்துக்கு இலவசமாத் தர ஆரம்பிச்ச 100 யூனிட்டுல மூணுல ரெண்டு பங்கு. அதை இன்ஜின் வாங்கலைன்னா மொத்தமும் டிரம்லதான் சூடா இறங்கணும். டிரம் காஞ்சு விரியும், லைனர் வழுக்கும், 17 கொண்டை ஊசி முடியுறதுக்குள்ள பெடல் மிதிச்சும் பிரேக் பிடிக்காது. அந்த நேரம் கியர் போடப் பாத்தா விழாது.

திருமங்கலம்: போடி அண்ணன் சொல்றதுலயும் நியாயம் இருக்கே. எங்கப்பா முப்பது வருசம் நியூட்ரல்லதான் இறங்கினார், ஒண்ணும் ஆகல.

அப்பா ஓட்டினப்ப எவ்வளவு லோடு ஏத்தினார்னு கேளுங்க. நல்லபடியா வந்து சேர்ந்தவங்கதான் கதை சொல்ல இருக்காங்க.

வாடிப்பட்டி: அப்ப எந்த கியர்ல இறங்குறது?

ஏறுறதுக்கு எந்த கியர் வேணுமோ அதே கியர். மழை ஈரமோ மூடுபனியோ இருந்தா அதுக்கும் ஒண்ணு கீழ. அதை இறக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போட்டிரணும். பிரேக்கை நல்லா அழுத்தி வேகத்தைக் குறைச்சிட்டு விட்டிரு. தேய்ச்சுக்கிட்டே இறங்காதே.

ஒத்தக்கடை: எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கு. காஷ்மீர்ப் பனியிலயும் போடலாம்ல?

நல்ல கேள்வி. நம்ம மலைக்கு அது வரம். ஐஸ்ல அதுவே வினை. எக்ஸாஸ்ட் பிரேக்குங்கிறது புகை போற வழியை அடைச்சு இன்ஜினை இழுத்துப் பிடிக்கிறது, அதனால இன்ஜின் ஓட்டுற பின்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். காலி வண்டின்னா அந்தச் சக்கரம் பிடிமானம் விட்டு வால் சுத்திரும். ஐஸ் மேல ஆஃப் பண்ணிட்டு சின்ன கியர்ல ஊர்ந்து போங்க. பாலத்து மேலயும், வெயில் படாத வளைவுலயும் கண்ணாடி மாதிரி ஐஸ் இருக்கும், வெறும் ஈரம்னு தோணும். டயர்ல மாட்டுற பனிச் சங்கிலியை வழுக்க ஆரம்பிச்ச பிறகு மாட்ட முடியாது, முன்னாடியே மாட்டிருங்க.

கம்பம்: டிரம் சூடாச்சுன்னா தண்ணி ஊத்தலாமா?

வேண்டாம், விரிசல் விடும். ஓரமா நிறுத்தி ஆற விடுங்க. நிறுத்தும்போது டயருக்கு அடை வச்ச கல்லைக் கிளம்பும்போது எடுத்து ஓரமாப் போடுங்க. மூடுபனியில அந்தக் கல்லுல ஏறி ராத்திரி எவனாவது பைக்ல விழுவான். கிளீனர்கிட்ட சொன்னா போதாது, இறங்கிப் பாருங்க.

பேரையூர்: மலையில ஏறுற வண்டிக்கு வழியா, இறங்குற வண்டிக்கா?

ஏறுறவனுக்கு. கல்லை எடுத்தீங்களா?

செக்கானூரணி: அண்ணே, நியூட்ரல்ல இறங்கினா டீசல் மிச்சமாகுமா?

மேல போடிக்காரருக்குச் சொன்னதைப் படிங்க.

ஆண்டிபட்டி: மார்கழியில போடிமெட்டு ஏற எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?

நல்லா வெயில் வந்த பிறகு. விடிகாலையில போய் மெட்டுல மூடுபனிக்குள்ள நிக்கிறதுக்கு, போடியிலயே டீ குடிச்சிட்டு நில்லுங்க. சாயங்காலம் இருட்டுறதுக்கு முன்னாடி இறங்கிருங்க.