சிவப்பு ரிப்பன் வெள்ளை முகத்தில் கசிவது ஏன்?

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்காக ஹலோ கிட்டி என்ற கார்ட்டூன் உருவத்தின் வடிவில் 20 குக்கீகள் செய்து, ராயல் ஐசிங்கால் முகம் வரைந்தேன். இரவு படுக்கப் போகும்போது அழகாகத்தான் இருந்தன. காலையில் பார்த்தால், ரிப்பனின் சிவப்பு வெள்ளை முகத்தில் கசிந்து இளஞ்சிவப்பாகப் படர்ந்திருந்தது. மூக்கு இருந்த இடத்தில் குழி வேறு விழுந்திருந்தது. எங்கே தவறினேன்? — வாசகி, சென்னை

பதில்: ஊரின் பெயரை எழுதியதிலேயே பாதிக் காரணத்தைச் சொல்லிவிட்டீர்கள். ஐசிங் சர்க்கரையோடு முட்டையின் வெள்ளைக்கருவையோ மெரிங்கு பவுடரையோ (உலர்த்திய வெள்ளைக்கருவில் செய்த தூள்) சேர்த்து அடிக்கும் ராயல் ஐசிங், அதிலுள்ள நீர் வற்றிய பிறகே ஓடுபோல இறுகும். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் அந்த நீர் எளிதில் வற்றாது. வற்றாத வரையில் அடர்ந்த நிறம் அந்த ஈரத்தின் வழியாகவே பக்கத்து வெள்ளைக்குள் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். இரவு நீங்கள் பார்த்தபோது மேற்பரப்பு காய்ந்திருக்கலாம், உள்ளே காய்ந்திருக்காது.

இன்னொரு காரணம் சிவப்பு நிறமே. நல்ல சிவப்பு வரும்வரை ஜெல் கலரைக் கொட்டிக்கொண்டே போனால் ஐசிங் கசக்கும், காயவும் மறுக்கும். நிறம் கலந்த ஐசிங்கை மூடி வைத்தால் சில மணி நேரத்தில் அதுவாகவே அடர்ந்துவிடும் என்பதால், வேண்டியதைவிட ஒரு படி வெளிறலாகக் கலந்து முதல் நாள் இரவே எடுத்து வைத்துவிடுங்கள். கறுப்புக்கும் இதே வழிதான். வெள்ளையிலிருந்து தொடங்காமல், கோகோ பவுடர் சேர்த்த பழுப்பிலிருந்து தொடங்கினால் கறுப்பு கலர் குறைவாகவே போதும். பாட்டிலில் வரும் தண்ணீர்க் கலர் இந்த வேலைக்கு ஆகாது. அது பதத்தையே கெடுத்துவிடும்.

அடுத்த முறை வெள்ளை முகத்தை மட்டும் முதலில் நிரப்பி, உடனே டேபிள் ஃபேனின் எதிரே வையுங்கள். ஏசி அறை இருந்தால் இன்னும் நல்லது. குறைந்தது எட்டு மணி நேரம் காய்ந்த பிறகே சிவப்பைத் தொடலாம். ஃபேன் காற்றில் மேற்பரப்பு சீக்கிரம் இறுகுவதால் மினுமினுப்பும் கூடும், குழி விழுவதும் குறையும். அவசரத்தில் ஃபிரிட்ஜில் மட்டும் வைத்துவிடாதீர்கள். ஒருமுறை நான் அப்படி வைத்து எடுத்தபோது, வெளிக்காற்று பட்டதும் குக்கீ முழுவதும் வியர்த்து, கண்ணிலிருந்த கறுப்பு கன்னம்வரை மை கலைந்ததுபோல வழிந்தது.

மூக்கில் குழி விழுந்ததற்குக் காரணம் ஐசிங் மிகவும் தளர்ந்திருந்ததுதான். கிண்ணத்திலுள்ள ஐசிங்கின் மேல் கத்தியால் ஒரு கோடு கீறிப் பாருங்கள். 15 விநாடியில் கோடு மறைந்து மட்டமானால், முகம் போன்ற பெரிய பரப்புக்கு அது சரியான பதம். மூக்கு, ரிப்பன் போன்ற சிறு இடங்களுக்கு 20 முதல் 25 விநாடிவரை கோடு நிற்கும் அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். ரிப்பனை நிரப்புவதற்கு முன் அதே ஐசிங்கால் உள்ளே இரண்டு கிறுக்கல் போட்டுவிட்டு அதன்மேல் நிரப்பினால், அடியில் பிடிமானம் இருப்பதால் நடுவில் அமுங்காது.

கேள்வி: கண், மீசை வரையும்போது கோடு நடுங்குகிறது, பாதியில் அறுந்தும் போகிறது. கை பழகினால் சரியாகிவிடுமா? — வாசகி, மதுரை

பதில்: கோலம் போடத் தெரிந்த கைக்குத் தனியாகப் பழக்கம் தேவையில்லை, அதே கையை இங்கேயும் பயன்படுத்தினால் போதும். கோலப்பொடியை விரல் தரையில் படாமல் மேலிருந்து விடுவதுபோல, ஐசிங் பையின் நுனியில் பொருத்தும் கூம்பான நாசிலின் முனையைத் தொடங்கும் இடத்தில் ஒட்டிவிட்டு, அரை அங்குலம் உயர்த்தி, இழை தொங்கியபடியே போக வேண்டிய இடத்துக்கு நகர்த்தி, முடிவில் மட்டும் கீழே இறக்குங்கள். முனை குக்கீயில் உரசிக்கொண்டே போவதால்தான் கோடு நடுங்குகிறது. கோடு அறுந்தால் ஐசிங் தேவைக்குமேல் கெட்டியாக இருக்கிறது என்று பொருள். பற்பசைப் பதத்துக்குச் சில துளி நீர் விட்டுத் தளர்த்துங்கள். 1 அல்லது 1.5 எண் நாசில் அடிக்கடி அடைத்துக்கொள்கிறதென்றால், சலிக்காத சர்க்கரையில் இருந்த சிறு கட்டிகளே காரணம். இரண்டு முறை சலித்த பிறகே அடியுங்கள்.

வரைவதற்கு முன் உருவத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். 1974-இல் ஜப்பானின் சான்ரியோ நிறுவனத்தில் பிறந்த ஹலோ கிட்டிக்கு வாய் கிடையாது; பழக்கத்தில் ஒரு சிரிப்பைப் போட்டுவிட்டால் அது பக்கத்து வீட்டுப் பூனையாகிவிடும். ரிப்பன் அதன் இடது காதில், அதாவது நம் பார்வைக்கு வலப்பக்கத்தில் வரும். மூக்கு மஞ்சள், மீசை பக்கத்துக்கு மூன்று. கண்கள் இரண்டும் நன்றாக விலகி இருக்க வேண்டும். நெருங்கினால் முகமே மாறிவிடும். காய்ந்த வெள்ளையில் ஊசிமுனையால் இந்த இடங்களை இலேசாகக் குறித்துக்கொண்டு வரைவது நல்லது.

கேள்வி: பச்சை முட்டையைக் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது. மாற்று உண்டா? — வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது, பச்சை வெள்ளைக்கருவில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். 450 கிராம் ஐசிங் சர்க்கரைக்கு 3 மேசைக்கரண்டி மெரிங்கு பவுடர், 5 அல்லது 6 மேசைக்கரண்டி வெதுவெதுப்பான நீர் என்ற கணக்கில் அடித்துக்கொள்ளலாம். ஆனால் மெரிங்கு பவுடரும் முட்டையிலிருந்து வருவதுதான் என்பதால், வீட்டில் சைவக்காரர்கள் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு, உப்பில்லாமல் கொண்டைக்கடலை வேகவைத்த நீரைச் சுண்டவைத்து ஆறவிட்டு, வெள்ளைக்கருவுக்குப் பதிலாக அடிக்கலாம். அது காய இன்னும் கொஞ்சம் நேரமெடுக்கும். எதை அடித்தாலும் கிண்ணத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஐசிங் உப்பாது. ஆகவே எலுமிச்சைச் சாறு தொட்ட துணியால் கிண்ணத்தை ஒருமுறை துடைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விழாவுக்கு எத்தனை நாள் முன்னதாகச் செய்து வைக்கலாம்? — வாசகி, திருச்சி

பதில்: நான்கைந்து நாள் முன்னதாகத் தாராளமாகச் செய்யலாம். முழுவதும் காய்ந்த பிறகு, அடுக்குகளுக்கு இடையே பட்டர் பேப்பர் வைத்து, காற்றுப் புகாத டப்பாவில் அடுக்கி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். டப்பாவில் போடுமுன் ஒன்றைத் திருப்பி, குக்கீயின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்து ஈரமாகத் தெரிந்தால் இன்னும் ஓர் இரவு ஃபேன் காற்றிலேயே கிடக்கட்டும்.